வண்டி விளக்கும் வழிவருவோர் கண்ணும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)





இம்மாதம் பேசும் முறை எம்முடையது என்று செயலாளர் அறிவித்தபோது, 'மோட்டார் வண்டியின் வெளிவிளக்குகளை எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றுதல்' என்று தலைப்புக் கொடுத்தோம். இந்து வாலிபர் கூடும் மேடையில் கராச்சுப் பேச்சா என்று நண்பர் சிலர் நகைத்தனர். அவர்கள் இறுதிவரை இருந்து கேட்பார்களாயின், விளக்கும் சமயமும் அத்துணைத் தொலைவில் இல்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

இருளைப் பற்றி வன்னி மக்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஜாம் போத்தலுக்குள் சில துளி மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டு, அந்த ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். பெற்றோல் கிடையாத அந்நாளிற் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குண்டுவீச்சு விமானங்களுக்கு அஞ்சி, முன்விளக்கை எரிக்காமலே காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2009 இற் போர் முடிந்தது. ஏ-9 வீதி புதிதாகச் செப்பனிடப்பட்டது. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று இரவிலும் வண்டிகள் விரைகின்றன. அன்று இருளால் இடர்ப்பட்ட நாம், இன்று ஒளியால் இடர்ப்படுகிறோம். எதிரே வரும் வண்டியின் நீலம் பாய்ந்த வெள்ளொளி கண்ணிற்பட்டு, வீதியின் ஓரமும் தெரியாமல், ஓரத்தில் நின்ற மாடும் தெரியாமல், ஒரு கணம் குருடராய் நின்ற அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இல்லை?

இந்த விளக்குகளை நம்மவர் ஏன் நாடுகின்றனர் என்பதை முதலிற் பார்ப்போம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் பழைய வண்டியையே பழுதுபார்த்து ஓட்டவேண்டிய நிலைமை. பழைய வண்டியின் விளக்குக் கண்ணாடி வெயிலில் மஞ்சள் பாய்ந்து மங்கிவிடும். வயரின் இணைப்புகளிற் களிம்பு ஏறும். ஒளி குறைகிறது என்று கண்டவர், கண்ணாடியையும் வயரையும் பார்க்காமல், பல்ப்பைக் குறைசொல்லி எல்.ஈ.டி. வாங்கிவிடுகிறார்.

அவ்வாறு வாங்கியவர்களில் யாமும் ஒருவர். ஆதலால் பிறர் குற்றம் பேசுமுன் எமது குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம்.

எமது மாமாவிடம் பழைய ஜப்பானியக் கார் ஒன்று உண்டு. பல்கலைக்கழக விடுமுறையில் வீடு வந்திருந்த யாம், அவருடைய சம்மதத்துடன், பட்டணத்துக் கடையொன்றில் ஒரு சோடி எல்.ஈ.டி. பல்ப்புகளை வாங்கி முன்விளக்கிற் பொருத்தினோம். பெட்டியில் 20,000 உலூமன் என்று அச்சிட்டிருந்தது. அன்றிரவே வெளிக்கிட்டு ஒழுங்கையில் நிறுத்தி எரித்தபோது பனைமரத்தின் வட்டும் ஓலையும் பட்டப்பகல்போலத் தெரிந்தன. அயலவர் வந்து பார்த்து மெச்சினர். முன்விளக்கு வீதியைக் காட்டவேண்டுமேயன்றிப் பனைவட்டை ஏன் காட்டவேண்டும் என்று அப்போது எமக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தில் வைகாசிப் பொங்கல். தரிசனம் முடித்து நள்ளிரவுக்குப் பின் முள்ளியவளையைக் கடந்து ஒட்டுசுட்டான் வீதியில் வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு முதியவர் சைக்கிளில் வந்தார். அவருடைய சைக்கிளில் விளக்கில்லை. எமது ஒளியில் அவரை நன்றாகவே கண்டோம். கண்டு, விளக்கைத் தாழ்த்தியும் விட்டோம். ஆனால் அவர் ஒரு கையால் முகத்தை மறைத்தார், சைக்கிள் தடுமாறியது, வீதியோரப் பள்ளத்துக்குள் இறங்கிச் சாய்ந்துவிட்டார்.

ஓடிச்சென்று தூக்கினோம். முழங்காலிற் சிராய்ப்பு, வேறு காயமில்லை. அம்மன் அருளென்றே கொண்டோம். "ஐயா, லைற்றை டிம் பண்ணித்தான் வந்தனாங்கள்" என்றோம். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு, கோபமின்றிச் சொன்னார்: "உம்மட லைற் எரிஞ்சுது தம்பி, என்ர கண் அணைஞ்சு போச்சு."

அவரைச் சைக்கிளோடு ஏற்றி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. தாழ்த்திய பின்னும் ஒளி ஏன் அவருடைய கண்ணுக்குப் போயிற்று? இதுவே எம்மை உறுத்திய கேள்வி. விடையைத் தேடியபோதுதான், அதை முன்னரே படித்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

யாம் கற்ற மிஷன் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில், குழியாடியின் முன் மெழுகுதிரியை வைத்துப் பரிசோதனை செய்வோம். சுடர் ஆடியின் குவியத்தில் நின்றால் ஒளி ஒழுங்கான கற்றையாய்ப் போகும். சுடரைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்தினால் கற்றை குலைந்து கண்டபடி பரவும். மோட்டார் வண்டியின் முன்விளக்கும் இதே விதிக்கு அடங்கியதுதான். அதன் பின்புற ஆடியையும் முன்புற வில்லையையும் வகுத்தவர்கள், தங்குதன் இழை எவ்விடத்தில் நிற்கும் என்பதை மில்லிமீற்றர்க் கணக்கில் நிச்சயித்துக்கொண்டே வகுத்தார்கள்.

நம்மூர் வண்டிகளிற் பெருவழக்காயுள்ள எச்-4 என்னும் அலசன் பல்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் இரண்டு இழைகள் உண்டு. தூர ஒளிக்கு 60 உவாற்று. தாழ் ஒளிக்கு 55 உவாற்று. தாழ் ஒளி இழையின் கீழே சிறு கிண்ணம்போன்ற ஓர் உலோக மறைப்பு இருக்கும். இழையின் ஒளி ஆடியின் கீழ்ப்பாதியிற் படாதபடி அது தடுக்கிறது. கீழ்ப்பாதியிற் பட்ட ஒளி மேல்நோக்கித் தெறித்து எதிர்வருவோர் கண்ணிற் பாயும் என்பதனால் அந்த ஏற்பாடு. தன் வண்டியின் ஒளியில் ஒரு பகுதியைத் தானே மறைத்து எதிரியின் கண்ணைக் காக்கும் அந்தச் சிறு கிண்ணத்தைப் போன்ற மரியாதைக்காரனை யாம் வேறெங்கும் கண்டதில்லை.

எல்.ஈ.டி. என்பதை நமது பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்று அழகாகக் கூறும். இது சுற்றெங்கும் ஒளிரும் இழையன்று. ஒரு பக்கமாக ஒளி காலும் சிறு தட்டு. அலசன் பல்ப்பின் வடிவிற் செய்தவற்றில் இத்தட்டுகளை ஒரு தண்டின் இரு பக்கமும் ஒட்டிவைக்கிறார்கள். அவை இழை நின்ற இடத்தில், இழையின் அளவில், அதே மறைப்போடு நிற்பது அரிது. சற்று விலகினாலும் ஆடி ஏமாந்துவிடுகிறது. பனைவட்டு வெளிச்சமானதும், முதியவர் கண் அணைந்ததும் இதனாலேதான். எச்-4 தரப்பட்டியலிற் சொல்லப்பட்ட ஒளி, தூர ஒளிக்கு 1,650 உலூமன். தாழ் ஒளிக்கு 1,000 உலூமன். பெட்டியில் அச்சிட்ட 20,000 என்பது உண்மையாயிருந்தால் அதைவிடப் பேராபத்து வேறில்லை. பொய்யாயிருந்தால் நாம் ஏமாந்தோம். இரண்டும் நமக்கு நன்மையன்று.

இன்னொன்றும் உண்டு. மலிவான வெள்ளை எல்.ஈ.டி.யில் நீல ஒளி மிகுதி. நீல ஒளி கண்ணினுள்ளே அதிகம் சிதறும். முதியோர் கண்ணிலும், கண்புரை தொடங்கிய கண்ணிலும் மேலும் சிதறும். கூசிய கண் தெளிய முதியோருக்கு இளையோரிலும் கூடிய நேரம் செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் மூன்று வினாடி கண்ணிழந்தால், 50 மீற்றர் தூரம் குருடராய் ஓட்டுகிறார் என்பது கணக்கு. ஐம்பது மீற்றருக்குள் எத்தனை மாடு, எத்தனை சைக்கிள், எத்தனை பிள்ளை!

இவ்வளவும் சொன்னதால் ஒளிகாலும் இருவாயியை நாம் பழிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். அது மனித அறிவின் அரிய பேறு. கட்புலனாகும் சிவப்பு எல்.ஈ.டி.யை நிக் ஹொலொனியாக் 1962 இல் அமெரிக்காவிற் செய்து காட்டினார். ஆனால் பிரகாசமான நீல எல்.ஈ.டி.க்கு உலகம் ஏறக்குறைய முப்பதாண்டுகள் காத்திருந்தது. நீலமின்றி வெள்ளொளி இல்லை. அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரும் விடாமுயற்சியால் அதைச் சாதித்து, 2014 இற் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். 2007 இல் லெக்சஸ் கார் ஒன்று தாழ் ஒளிக்கு எல்.ஈ.டி. முன்விளக்குடன் வெளிவந்தது. அவ்வாறு ஆடியும் வில்லையும் தட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி முழு விளக்காகவே வகுத்துச் செய்தவை சிறந்தவை. பழைய ஆடிக்குள் புதிய பல்ப்பைச் செருகுவதே தவறு. ஜெர்மனியில் 2020 இல் மாற்று எல்.ஈ.டி. பல்ப்பு ஒன்றுக்கு அனுமதி வழங்கியபோதும், சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வாகன வகைகளுக்கு மாத்திரமே வழங்கினார்கள். பல்ப்பு நல்லதா என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. இந்த விளக்குக்கு இது பொருந்துமா என்றும் கேட்டார்கள்.

முழு விளக்கை மாற்றுவோரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாம் வீதியின் இடப்புறம் செல்பவர்கள். தாழ் ஒளி இடப்பக்க ஓரத்தில் மட்டும் சற்று உயர்ந்து நடைபாதையைக் காட்டும்படி நமது விளக்கு அமைந்திருக்கும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்குச் செய்த விளக்கைப் பூட்டினால் அந்த உயர்ந்த ஒளி எதிர்வருவோர் முகத்துக்கே போகும்.

அப்படியாயின் எந்த விளக்கைத்தான் மாற்றலாம்? முன்விளக்கு நாம் பிறரைக் காண்பதற்கு. மற்றைய விளக்குகளெல்லாம் பிறர் நம்மைக் காண்பதற்கு. நம்மவர் காசு செலவழிப்பது பெரும்பாலும் முன்னதற்கே. எமது அபிப்பிராயத்தில் எல்.ஈ.டி. முதலிற் செல்லவேண்டிய இடம் வண்டியின் பின்புறம்.

பிறேக் விளக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண 21 உவாற்று பல்ப்பின் இழை சூடேறி முழுதாய் ஒளிர ஏறத்தாழ 0.2 வினாடி செல்லும். எல்.ஈ.டி. உடனே ஒளிரும். மணிக்கு 70 கிலோமீற்றரில் நமக்குப் பின்னால் வருபவர் அந்த 0.2 வினாடியில் ஏறக்குறைய 4 மீற்றர் ஓடிவிடுவார். பின்னே வருவது நெல்லேற்றிய லொறியாயின் அந்த நாலு மீற்றர் ஓர் உயிரின் விலையாகலாம்.

மாற்றும்போது கவனிக்கவேண்டியவை சில. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. வைக்கலாகாது. அதன் ஒளியிற் சிவப்பு குறைவு. கண்ணாடி ஏனைய நிறங்களைத் தடுத்தபின் மங்கலே மிஞ்சும். சிவப்புக்குச் சிவப்பும், சிக்னலுக்குச் செம்மஞ்சளும் வாங்குக. பின்விளக்கும் பிறேக் விளக்கும் ஒரே பல்ப்பில் இருந்தால், பிறேக்கை மிதிக்கும்போது ஒளி தெளிவாகக் கூடுகிறதா என்று ஒருவரைப் பின்னே நிறுத்திப் பகலிற் பார்க்கவேண்டும். மலிவான பல்ப்புகளில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. பின்னால் வருபவர் நாம் ஓடுகிறோமா நிற்கிறோமா என்று அறியமாட்டார்.

சிக்னலில் எல்.ஈ.டி. இட்டால் அது படபடவென்று விரைந்து இமைக்கக்கூடும். பழைய பிளாஷர் 21 உவாற்று பல்ப்பின் மின்னோட்டத்தை எதிர்பார்ப்பது, எல்.ஈ.டி. எடுப்பதோ மிகச் சிறிது. பல்ப்பு போய்விட்டது என்று எண்ணியே அது விரைகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை இமைப்பதே முறை. இதற்குப் பரிகாரமாகச் சிலர் ஒரு தடையியைப் பூட்டுவர். தடையி கொதிக்கும், பிளாஸ்திக்கின் மேலோ வயரின் மேலோ பட்டால் உருக்கும், எல்.ஈ.டி.யால் மிச்சம்பிடித்த மின்சாரத்தையும் அதுவே தின்றுவிடும். எல்.ஈ.டி.க்கென்று செய்த பிளாஷரை மாற்றுவதே நல்ல வழி.

நம்மிடையே இன்னும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கண்ணுங்கருத்துமாகப் பேணுவோர் உளர். அவர்களுக்கு ஒரு சொல். அக்காலத்து ஆங்கிலக் கார்களிற் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இருவாயி ஒரு திசையில் மட்டுமே மின்னை விடும். ஆகவே இக்காலக் கார்களுக்கென்று செய்த பல்ப்பு அவற்றில் எரியாது போகலாம். முனை எதுவாயினும் எரியும் என்று குறித்த பல்ப்பையே கேட்டு வாங்கவேண்டும்.

பின்புறம் என்றதும் வன்னியில் வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். அறுவடை காலத்தில் இருள் சூழ்ந்தபின் வயலிலிருந்து வரும் உழவு இயந்திரப் பெட்டிகளும், லான்ட்மாஸ்டர்ப் பெட்டிகளும் பின்விளக்கின்றி வீதியில் ஊர்கின்றன. வைக்கோல் ஏற்றினால் இருந்த விளக்கும் மறைந்துவிடும். இரண்டு சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகளும் ஒரு முழம் ஒளிதெறிக்கும் நாடாவும் போதும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனின் உயிர் பிழைக்கும். முன்னே ஆயிரக்கணக்கில் உலூமன் வீசும் நாம், பின்னே ஒரு சிவப்புப் பொட்டு வைக்க மறந்தோம்.

சட்டம் இல்லாமலில்லை. நமது மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத்தது. 2025 சனவரியில் 'கிளீன் சிறீலங்கா' வேலைத்திட்டத்தையொட்டி, வண்டிகளிற் பூட்டிய அனுமதியற்ற மேலதிக உறுப்புகளைப் பொலிசார் கழற்றுவிக்கத் தொடங்கியதும் நீங்கள் அறிந்ததே. ஆனால் நள்ளிரவில் ஒட்டுசுட்டான் காட்டுவீதியிற் பொலிசு நிற்காது. அங்கே நிற்கவேண்டியது நமது மனச்சாட்சியே.

யாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முன்விளக்கின் எல்.ஈ.டி.யைக் கழற்றினோம். மங்கிய கண்ணாடியைத் தேய்த்துத் துலக்கினோம். விளக்கின் தரை வயரைச் சுரண்டி இறுக்கினோம். பழைய வகை அலசன் பல்ப்பையே புதிதாக இட்டோம். கழற்றிய எல்.ஈ.டி.யைப் பெட்டியில் இட்டுக் கட்டிவைத்தோம். பிறருக்கு விற்கவும் மனம் வரவில்லை. பின்னர் காரைச் சமதரையிற் சுவருக்கு 10 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, தாழ் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திலும் 10 சென்ரிமீற்றர் தாழ்வாக விழும்படி திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தோம். வீதி முன்னரிலும் தெளிவாகத் தெரிகிறது. பனைவட்டு தெரியவில்லை, அதனால் நட்டமும் இல்லை. பின்விளக்குகளுக்கு மாத்திரம் சிவப்பு எல்.ஈ.டி. இட்டோம்.

இனிச் சமயத்துக்கு வருகிறோம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் போற்றும் அடியார்களுள், திருவிளக்கு ஏற்றுதலையே தொண்டாகக் கொண்டவர்கள் உளர். நமிநந்தியடிகள் நெய் கிடைக்காதபோது திருவாரூரில் நீரால் விளக்கெரித்தார். கணம்புல்லர் புல் விற்று விளக்கிட்டார். புல் விலைபோகாத நாளிற் புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமயிரையே திரியாக்கினார். நீரால் விளக்கெரிந்த வரலாற்றை வன்னியார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து விளக்கேற்றும் மரபில் வந்தவர்கள் நாம். இவ்வடியார்களில் எவரேனும் தாம் பார்ப்பதற்காக விளக்கேற்றினாரா? இல்லை. இறைவன் சந்நிதி விளங்கவும், வந்து வணங்குவோர் காணவுமே ஏற்றினர். விளக்கேற்றுதல் பிறருக்காகச் செய்வது என்பதே நமது நெறி. எதிர்வருபவன் கண்ணை அவிக்கும் ஒளி எத்துணைப் பிரகாசமாயினும் அது விளக்கு என்னும் பெயருக்கு உரியதன்று.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் வண்டியை நிறுத்திக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்காமல் ஏ-9 வீதியாற் போகும் சாரதி குறைவு. மார்க்கம் சுகமாகவேண்டும் என்று வேண்டுகிறோம். எமது பயணத்துக்கு மட்டுமா அந்த வேண்டுதல்? எதிரே வருபவனும் அதே பிள்ளையாரிடம் அதையே வேண்டிக்கொண்டுதானே வருகிறான்!

ஆகவே சபையோர்முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு முந்திய வாரத்தில் எமது சங்கத்தார் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கவேண்டும். ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு முழக்கோலும் ஒரு திருகாணி முடுக்கியும் இருந்தால் வருகின்ற வண்டிகளின் தாழ் ஒளியைச் சரிபார்த்துவிடலாம். உழவு இயந்திரப் பெட்டிகளுக்கும், சைக்கிள்களுக்கும் ஒளிதெறிக்கும் நாடா ஒட்டலாம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கரையோரமாய் நடக்கும் பாதயாத்திரை அடியார்கள் நமது பகுதியைக் கடக்கும்போது, அவர்களின் பைகளிலும் ஒரு துண்டு ஒட்டிவிடலாம். பெருஞ்செலவில்லை, பெரிய படிப்பும் வேண்டியதில்லை. நாடா வாங்கும் செலவில் எமது பங்காக, அந்த எல்.ஈ.டி. சோடிக்குக் கொடுத்த அளவு பணத்தை இன்றே பொருளாளரிடம் ஒப்படைக்கிறோம்.

அந்த முதியவரை அண்மையிற் சந்தித்தோம். சைக்கிளில் இப்போது ஒரு சிறு விளக்கும் பின்னே சிவப்பு நாடாவும் உண்டு. இரண்டையும் யாமே பூட்டிக் கொடுத்தோம். அவர் எமது காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப லைற் எப்பிடித் தம்பி?" என்று கேட்டார். "பொழுதுபட்டாப் பிறகு எதிரே வந்து பாத்து நீங்கள்தான் சொல்லவேணும், ஐயா" என்றோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.